கன்னியப்பன் அறுத்த வலை

செய்தி வந்தபோது நான் சிறுசேரியில், அலுவலகப் பேருந்திலிருந்து இறங்கி அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். செல்வி அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு. காதில் வைத்தால் வார்த்தையே இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு பெண் கத்துகிறாள். பின்னால் அலை உடைகிறது. யாரோ ஓர் ஆள், "தலயப் புடி, தலயப் புடி" என்று அதட்டுகிறார். இரண்டாவது பதிவில்தான் சொல் இருந்தது. "எங்கண்ணன் பூட்டான் பாப்பா."

கன்னியப்பன் அண்ணன் இறந்த விதத்தை, குப்பத்தாரே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். கரையேறும்போது பின்னால் வந்த அலை படகைத் தூக்கிப் புரட்டியது. இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லாத இடத்தில் படகின் விளிம்பு அவர் பிடரியில் இறங்கியது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்திரண்டு வயது.

மறுநாள் சாவுக்கு நானும் வந்தேன். செல்வி அக்கா தன் அண்ணன் வீட்டுக்கு இருபதடி தள்ளி, தெருவில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கணவர் ஏழுமலை அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அக்கா உதறினார். அவர் விடவில்லை. வளையல் உடைந்து ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை. கூடப் பிறந்தவன் முகத்தை அக்கா பார்த்தது, பாடையைத் தெருவழியே தூக்கிக்கொண்டு போன அந்த அரை நிமிடம் மட்டும்தான்.

ஏன் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு கன்னியப்பன், தன் மச்சான் ஏழுமலையின் வலையை நடுக்கடலில் அறுத்தார், அதனால் ஏழுமலை குடும்பம் அவர் வாசலை மிதிக்காது. இதுதான் நீங்கள் அறிந்தது. அந்த வலையைப் பற்றி நீங்கள் அறியாதது ஒன்று உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கேயும் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்வதைத் தவிர நான் வாய் திறந்தது குறைவு.

என்னைச் சிலருக்கு நினைவிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு, விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு, இந்தக் கரையோரம் வரும் டால்பின்களையும் திமிங்கலங்களையும் படகில் போய்ப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலைக்கு வந்தேன். ஒரு சிறு தொண்டு நிறுவனம் கன்னியப்பன் அண்ணனின் ஃபைபர் படகை அதற்காக வாடகைக்கு எடுத்திருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அதற்கு முன் நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பள்ளிச் சுற்றுலாவில், மாமல்லபுரத்துக் கற்கோயிலின் சுவருக்கு மேலாக.

வேலையின் முதல் நாள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது, கன்னியப்பன் அண்ணன் ஒரு மனிதரின் மார்பில் உட்கார்ந்து துடுப்புக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். கீழே கிடந்தவர் ஏழுமலை அண்ணன். செல்வி அக்கா உதடு கிழிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றிருந்தார்.

"அது எனக்கும் எம்பொஞ்சாதிக்கும் உள்ளது. நீ யார்ரா?" என்று கீழே கிடந்தவர் கத்தினார்.

"நான் யாரா? இரு, சொல்றேன்" என்று சொல்லி அவர் மறுபடியும் அடித்தார். எல்லாம் இடது கையால். யாரும் விலக்கவில்லை. களைத்துப்போய் அவராகவே எழுந்தார். கட்டையைக் கடலில் கழுவினார். முகத்தையும் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீதான் மீனு எண்ண வந்த பொண்ணா?"

"ஆமாண்ணா."

"எண்ணத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி அடி அடிச்சேன், சொல்லு."

"பதினொண்ணு."

ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அத்த நோட்டுல எழுதிக்காத" என்றார். அன்றிலிருந்து என் பெயர் அவர் வாயில் வரவில்லை. "நோட்டு" என்றுதான் கூப்பிட்டார்.

அவர் நல்ல குணம் படைத்தவர் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். இன்ஜின் நின்றால் அதை உதைப்பார். ஒருமுறை தண்ணீர் இறைக்கிற டப்பாவை எடுத்து அதன்மேல் வீசியபோது, அது தெறித்து என் புருவத்தைக் கிழித்தது. "குனியத் தெரியாதா?" என்று என்னைத்தான் திட்டினார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முதல் வாரம் முழுக்க நான் வாந்தி எடுத்தேன். நாலாம் நாள் அவர் பொறுக்காமல், "வாந்தி எடுக்கறதுக்கும் ஒரு பக்கம் கீது நோட்டு. காத்துக்கு எதுத்தாப்ல எடுத்தா உன் நாஸ்தா உனக்கே திரும்பி வரும்" என்றார். அவர் என்னிடம் காட்டிய கரிசனம் அவ்வளவுதான்.

இன்னொரு நாள் எங்கள் நிறுவனத்துக்கு வேண்டிய ஒருவர் சென்னையிலிருந்து படம் எடுக்க வந்திருந்தார். டால்பின் கூட்டத்தில் குட்டிகள் இருந்ததால் அண்ணன் தூரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டார். "கிட்ட போப்பா, அதுக்குத்தானே உனக்கு வாடகை" என்றார் வந்தவர். இரண்டாம் முறை சொன்னதும் அண்ணன் எழுந்து வந்து, அவர் சட்டைக் காலரையும் இடுப்பு பெல்ட்டையும் பிடித்து, மூக்கு தண்ணீரைத் தொடும்படி படகுக்கு வெளியே தொங்கவிட்டார். "கிட்ட பாக்கணும்னியே. நல்லாப் பாரு." நானும் என்னோடு வேலை பார்த்த இன்னொரு பெண்ணும் நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். சிரிப்பு பாதி, பயம் பாதி.

மாசி மாதத்தில் ஒரு நாள் குப்பத்தில் கல்யாணம் இருந்தது. யாரும் தொழிலுக்குப் போகவில்லை. முந்தின நாள் ஆழத்தில் பெரிய மீன் ஒன்று தண்ணீர் பீச்சியதைக் கண்டதாக வேற்றூர்ப் படகுக்காரர் ஒருவர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். மூன்று மாதமாக டால்பினைத் தவிர எதையும் பார்க்காத எனக்கு, அதைக் கேட்டதும் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் என்னோடு வரும் பெண்ணுக்கு அன்று காய்ச்சல். கணக்கெடுக்க இரண்டு பேர் இல்லாமல் படகு போகக்கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. என் அப்பாவின் விதி அதைவிடக் கண்டிப்பானது. அவர் மறைமலைநகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றுகிறவர். இன்னொரு பெண் கூட வருகிறாள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் என்னைக் கடலுக்கு அனுப்பியிருந்தார்.

படகு அன்று மாமல்லபுரம் பக்கம் நங்கூரத்தில் நின்றது. "போலாமா, வேணாமா? நீதான் சொல்லணும்" என்றார் அண்ணன்.

"போலாம்" என்றேன். சொன்னது நான். இதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலங்கரை விளக்கம் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கி மறைந்து, அதற்குப் பிறகும் வெகுநேரம் போனோம். கடல் எண்ணெய் போலக் கிடந்தது. நான் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். படகுக்குத் தெற்கே, ஒரு தெரு அகலத் தூரத்தில், தண்ணீர் வெடித்தது. லாரி ஒன்று கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழுந்தது போல ஒரு உடம்பு. கறுப்பு முதுகு, வரிவரியாகக் கீறல் விழுந்த வெள்ளைத் தொண்டை, இரண்டு பக்கமும் துடுப்புகள், ஒவ்வொன்றும் எங்கள் படகில் பாதி நீளம். அது முழுசாகத் திரும்பி மல்லாந்து விழுந்தது. சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பில் கேட்டது. படகு துள்ளி, நான் பலகையில் முகம் அடிபட விழுந்தேன். வாயில் ரத்தத்தோடு எழுந்து, "கூன்முதுகுத் திமிங்கலம்ணா" என்றேன். நம் பக்கத்துக் கடலில் அது வருவது அபூர்வம். பாடப் புத்தகத்தில் பார்த்த படம்.

"குதிச்சு ஆடுதுண்ணா."

"ஆடல" என்றார் அவர். "அடிச்சிக்குது. அங்க பாரு."

அதற்குப் பத்தடி தள்ளி, மிதவைகள் கொத்தாகத் தண்ணீருக்குள் போய்ப்போய் வந்தன. அவற்றின் நடுவில் ஒரு குட்டி. குட்டி என்றாலும் படகில் பாதிக்கு மேல் இருந்தது. வால் பக்கமும் ஒரு துடுப்பும் வலையில் சுற்றி, வலையின் மேல் விளிம்பில் ஓடும் தலைக்கயிறு முதுகுச் சதைக்குள் இறங்கியிருந்தது. முந்தின நாளே நங்கூரம் போட்டு விட்டுவந்த வலை அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சுத் துளை தண்ணீருக்கு மேல் வந்ததும் ஒரு கிழிந்த சத்தம், உடனே மறுபடியும் கீழே. தாய் அடியிலிருந்து குட்டியை முட்டித் தூக்கியது. ஒவ்வொரு முட்டலுக்கும் கயிறு இன்னும் ஆழமாக வெட்டியது. தண்ணீர் சிவந்து நாறியது.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது குட்டியை அல்ல. வலையின் முனையில் மூங்கில் கழியில் ஒரு கொடி இருந்தது. மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட புடவைத் துண்டு. யார் வலை எது என்று தெரிய ஆளுக்கொரு துணி கட்டுவீர்களே, அது. அந்தப் புடவையை நான் செல்வி அக்கா மேல் பார்த்திருக்கிறேன்.

"தூத்தேறி" என்றார் அண்ணன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஊர்ல இத்தினி பேரு வலை கீது. இவன் வலையிலதான் வந்து மாட்டணுமா?"

அடுத்தவன் வலையில் கத்தி வைக்கக்கூடாது. குப்பத்தில் இதைவிடப் பெரிய கட்டுப்பாடு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. உடையவனுக்குச் சொல்லி அவன் வந்துதான் எடுக்க வேண்டும். அண்ணன் போனை எடுத்து ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டார். டவர் இல்லை. எழுந்து நின்று, கையை உயர்த்திப் பிடித்து, மறுபடியும் கூப்பிட்டார். மூன்று தடவை. நான் எண்ணினேன். மூன்றாவது தடவை குட்டி மேலே வரவில்லை. நீண்ட நேரம் வரவில்லை. பிறகு மிதவைகளுக்கு நடுவே ஒரு கொப்புளம் மட்டும் வந்தது.

போனை என் மடியில் எறிந்துவிட்டு மீன்கத்தியை எடுத்தார். "நோட்டு, வந்து என் இடுப்பப் புடி. நான் உள்ள வுழுந்தா ரெண்டு பேரும் காலி."

நான் தயங்கினேன். என் வாழ்க்கையில் எந்த ஆணையும் தொட்டதில்லை.

"கூச்சப்படற நேரமா இது? புடிடீ."

பிடித்தேன். அவர் பெல்ட்டுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, படகின் குறுக்குப் பலகையில் காலை உதைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் பிடித்திருந்தேன். அவர் இடுப்புக்கு மேல் முழுக்க வெளியே தொங்கினார். கயிற்றை இழுத்து, சதைக்கும் கயிற்றுக்கும் நடுவில் விரலை விட்டு, சுற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்க முடியாத இடத்தில் மட்டும் அறுத்தார். குட்டி துடிக்கும்போதெல்லாம் அதைக் கேட்கக் கூசும் வார்த்தையால் திட்டினார். "ஆடாத நாயே, ஆடாத. செத்துப்பூடுவ."

ஏழுமலை அண்ணா, இதை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். உங்களையும் திட்டினார். ஒவ்வோர் அறுப்புக்கும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கத்தியை இழுத்தார். "ஏ ஏழுமல, இந்தா வாங்கிக்க." அந்தக் குரலில் இருந்தது ஆத்திரம். அதை மறைத்தால் நான் சொல்லும் மற்றதும் பொய்யாகிவிடும். ஆனால் அறுத்தது ஆறு இடத்தில். பிரித்தெடுத்தது எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. அதில் மட்டும் எண்ணிக்கை தவறிவிட்டேன். தலைக்கயிற்றை ஒரே வெட்டாக வெட்டிவிட்டிருந்தால் கால்மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். வலை முழுக்கக் கடலோடு போயிருக்கும்.

நடுவில் தாய் எங்களை அடித்தது. குட்டிமேல் கை வைத்தவன் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? படகின் அடியில் உரசிக்கொண்டு போய், வாலைத் தூக்கி, விளிம்பில் இறக்கியது. முன்பக்கம் இரண்டு முழத்துக்கு ஃபைபர் பிளந்தது. கேமரா வைத்திருந்த பெட்டி, தண்ணீர் கேன், தொலைநோக்கி, எல்லாம் கடலுக்குள். அண்ணன் தலைகீழாகத் தொங்கினார். அவர் இடது முன்கையில் சுற்றியிருந்த கயிறு எலும்புவரை வெட்டியது. வெள்ளையாகத் தெரிந்தது. நான் கத்தினேன்.

"கத்தாத. புடி" என்றார்.

கடைசிச் சுற்று விலகியதும் குட்டி உடனே போகவில்லை. தான் விடுபட்டது அதற்குத் தெரியவில்லை. அவர் அதன் முதுகில் கையால் ஓங்கி அறைந்தார். "போ. போய்த் தொல." அது கீழே போனது. சற்றுத் தூரத்தில் தாயின் பக்கத்தில் இரண்டு முறை மூச்சு விட்டதைப் பார்த்தேன். இரண்டாவது மூச்சு முழு மூச்சு. பிறகு கடல் மூடிக்கொண்டது.

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் லுங்கியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, அறுந்த முனைகளைத் தேடி எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். ரத்தம் வழியும் கையால் ஆறு இடத்திலும் முடிச்சுப் போட்டார்.

"இத்த ஏண்ணா கட்டறீங்க? வாங்கண்ணா, போயிடலாம்."

"கட்டலன்னா வலை ஓடிப்பூடும். அவன் பசங்க இன்னா துண்ணும், உன் நோட்டையா?"

பகைக்காக அறுத்தவர் முனையைக் கட்டியிருக்க மாட்டார். கட்டாமல் விட்டிருந்தால் மாட்டியிருக்கவும் மாட்டார். குப்பத்தில் இடது கைக்காரர் அவர் ஒருவர்தான். அவர் போடும் முடிச்சு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பத்து வருடம் அவரோடு ஒரே படகில் தொழில் செய்த ஏழுமலை அண்ணனுக்கு அந்த முடிச்சைப் பார்த்த பிறகு அறுத்தது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

திரும்பும்போது, கரை தெரிந்ததும், "நீ இன்னிக்கு கடலுக்கு வரல" என்றார்.

"ஏண்ணா?"

"வரல. அவ்ளோதான்."

சுற்றுலா வந்தவர்கள் குளித்துக்கொண்டிருந்த இடத்தில் என்னை இறக்கிவிட்டார். நனைந்த துணியோடு அவர்கள் நடுவே நடந்து போய், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். அலையில் விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கேமராப் பெட்டியைக் கரையில் அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அலுவலகத்தில் சொன்னேன். அன்றைய பதிவேட்டில், "பயணம் இல்லை" என்று என் கையெழுத்தில் எழுதினேன். அந்த வருடம் எங்கள் கணக்கில் கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் நாள் கோயில் முன்னால் நீங்கள் கூடினீர்கள். நான் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், மீன் கூடை வைத்திருந்த பெண்களோடு நின்றேன். வலை நடுவில் கிடந்தது. ஊர்த் தலைவர் கேட்டதும் கன்னியப்பன் அண்ணன் சொன்னதும் உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

"யாரு வலைன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அறுத்தியா?"

"தெரிஞ்சேதான்."

"இன்னாத்துக்கு?"

"பெரிய மீனு குட்டி மாட்டிகினு இருந்துச்சு. மூச்சு வுட முடியல."

சிரிப்பு எழுந்தது. "கரையில அடிச்சது பத்தல, கடல்லயும் வந்து அடிச்சிகீறான்" என்றார் ஏழுமலை அண்ணன். "இப்ப மீனு கத வேற. நீ மீனுக்கு வலை அறுக்கற ஆளா? மீனு உனக்கு மாமனா மச்சானா?"

"சரி, யாராவது பாத்தாங்களா?" என்று தலைவர் கேட்டார். "போட்டுல உங்கூட யாரு இருந்தா?"

என் கால் முன்னால் நகர்ந்தது. உண்மையாகவே ஓர் அடி நகர்ந்தது. அதற்குள் அவர் சொல்லிவிட்டார். "யாரும் இல்ல. நான் மட்டும்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் அந்த ஓர் அடியைப் பின்னால் வைத்தேன்.

ஏழுமலை அண்ணன் எழுந்து போய் அவர் கன்னத்தில் அறைந்தார். கட்டுப் போட்டிருந்த கை ஆடியது. அடித்தால் திருப்பி அடிக்காமல் ஒரு நாளும் விடாத மனிதர் அசையாமல் நின்றார். "தப்பு செஞ்சவன்தான் அடி வாங்கிகினு நிப்பான்" என்று என் பக்கத்தில் ஓர் அம்மா சொன்னார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தீர்கள். நாற்பது நாள் தொழிலுக்குப் போகக்கூடாது, யாரும் அவரோடு பேசக்கூடாது என்று ஊர் சொன்னது. தன் மனைவி இனி அண்ணன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று ஏழுமலை அண்ணன் சொன்னார். ஊரின் தண்டனை நாற்பது நாளில் முடிந்தது. அவருடையது முடியவில்லை.

அந்த நாற்பது நாளில் ஒருமுறை மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். "நான் சொல்லிடறேண்ணா" என்றேன்.

"இன்னான்னு சொல்லுவ?"

"நானும் இருந்தேன்னு."

"ஒரு ஆம்பளயும் ஒரு பொண்ணும் தனியா கடலுக்குப் போனாங்கன்றது மட்டுந்தான் அவனுங்க காதுல வுழும். மீனு வுழாது. உங்கப்பன் கைல சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? பேஜார் பண்ணாம பஸ் ஏறு."

"செல்வி அக்கா பாவம்ணா."

அவர் முகம் கோணியது. நின்றுகொண்டிருந்த பேருந்தின் தகரத்தில் நல்ல கையால் ஓங்கி ஒரு குத்து விட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்துத் திட்டினார். அண்ணன் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே போய்விட்டார். நான் பஸ் ஏறினேன். ஆறு மாதத்தில் அந்த வேலையையும் விட்டுவிட்டு ஓஎம்ஆரில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று மாலை அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், இடுப்பைப் பிடித்திருந்தது உட்பட. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு சுவரில் போய் மோதியது. அம்மா குறுக்கே வந்ததால் அடி அவர் தோளில் விழுந்தது. "ரெண்டு வருசமா அந்தாளு ஊர்ல பேச்சு வாங்கிகினு இருந்தான், நீ சோறு துன்னுகினு இருந்தியா?" என்று அப்பா கத்தினார். கடலுக்குத் தனியாகப் போனதற்கு அடிக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்று காலை வேலைக்குப் போகாமல் சட்டை மாற்றிக்கொண்டு, "காரியம் என்னிக்கு?" என்று கேட்டார்.

காரியத்தன்று நாங்கள் இருவரும் வருவோம். இதை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லப் போவதில்லை. கோயில் முன்னால், அன்று அவர் நின்ற இடத்தில் நின்று நானே வாசிப்பேன். குரல் எழும்பாவிட்டால் கிட்டே வந்து கேளுங்கள். தலைவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இது: படகில் இரண்டு பேர் இருந்தோம். போகலாம் என்று சொன்னது நான். ஆறு இடத்தில் அறுத்தது அவர். ஆறு இடத்திலும் கட்டியதும் அவர்.

ஏழுமலை அண்ணா, அன்று நீங்கள் கொடுத்த அறை தவறான கன்னத்தில் விழுந்தது. அது எனக்கு உரியது. கன்னியப்பன் அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அதைத்தான். யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், அவர் வாங்கிய அந்த அறை என்னுடையது என்று சொல்வேன். அக்கா கையை விடுங்கள். அவர் தன் அண்ணன் வீட்டுக்குள் போகட்டும்.